நகரும் கூடும் பதினெட்டுக் கோழிகளும்: ஓர் இளவேனில் மேய்ச்சல் பதிவு

குளிர் விலகிப் புல் தலைகாட்டிய வாரத்தில்தான் இந்த வேலையைத் தொடங்கினேன். பதினெட்டுப் பெட்டைகள், ஒரு சேவல். குளிர்காலம் முழுக்க அவற்றுக்கு ஒரே கொட்டகை, அதை ஒட்டி ஒரே முற்றம். முற்றத்தில் பச்சை என்று சொல்ல ஒன்றுமில்லை. மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் தூசி. எச்சம் விழுந்த மண்ணையே திரும்பத் திரும்பக் கிளறி, அதிலேயே இரை பொறுக்கிக்கொண்டிருந்தன. அப்படி இருக்கும் கோழிக்குக் குடற்புழு எப்படிப் போகும்? மருந்து கொடுப்பேன், ஒரு மாதம் தெளிவாக இருக்கும், மறுபடியும் கொண்டை வெளுத்துவிடும். உருண்டைப்புழுவின் முட்டை மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கோழிக்கு மருந்து கொடுத்துவிட்டு அதே மண்ணில் விட்டால் என்ன பயன்?

நிலம் ஒரு ஏக்கருக்கும் கீழே. பாதியில் காய்கறி, மீதியில் புல். புல்தரையை ஐந்து பட்டிகளாகப் பிரித்து, சக்கரம் வைத்த கூடு ஒன்றில் கோழிகளை ஏற்றி, ஒன்பது நாளுக்கு ஒரு பட்டி என்று நகர்த்திக்கொண்டே போவது திட்டம். சுற்றி முடித்து முதல் பட்டிக்குத் திரும்பும்போது அங்கே ஐந்து வாரப் புல் நிற்கும். அந்த ஐந்து வாரத்தில் புழு முட்டை முழுக்க அழிந்துவிடாதுதான். ஆனால் ஒரே இடத்தில் குவியாது, வெயிலும் காற்றும் தம் பங்கைச் செய்யும்.

கூட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் முதல் இரண்டு வாரச் சிரமம் எல்லாம் நான் அதைக் கட்டிய விதத்தில் வந்தது.

அடிச்சட்டம் 2 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம். பத்தொன்பது உயிர்களுக்கு இது சிறியதுதான். பகலிலும் உள்ளேயே அடைத்துவைப்பதாக இருந்தால் ஒரு கோழிக்குக் கிட்டத்தட்ட 0.35 சதுர மீட்டராவது வேண்டும், இதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் கட்டியிருக்க வேண்டும். இரவில் அடையவும் காலையில் முட்டையிடவும் மட்டும் என்பதால் இந்த அளவு போதும். அடைவதற்குத் தளப்பரப்பை விடக் கட்டையின் நீளம்தான் கணக்கு. ஒரு கோழிக்கு 20 செ.மீ. வைத்தால் 3.8 மீட்டர். அதனால் 2 மீட்டரில் இரண்டு கட்டைகள். 5 செ.மீ. அகலக் கட்டையின் மேல்விளிம்பை இழைத்து மழுங்கவைத்தேன், விரல் சுற்றிப் பிடிக்க வசதியாக.

முதலில் அந்த இரண்டு கட்டைகளையும் படிபோல ஒன்றுக்கு மேல் ஒன்றாக வைத்திருந்தேன். ஒவ்வொரு சாயங்காலமும் மேல்கட்டைக்காகச் சண்டை. கொண்டையில் ரத்தக்காயத்தோடு ஒன்று கீழே ஒதுங்கி நிற்கும். கோழிகளுக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு படிவரிசை இருப்பதை நார்வே நாட்டு விலங்கியலாளர் தோர்லெய்ஃப் ஷெல்டெரூப்-எப்பே 1920களின் தொடக்கத்திலேயே எழுதிவைத்துவிட்டார். அந்த வரிசையை நாம் மாற்ற முடியாது, ஆனால் சண்டைக்கு ஒரு காரணத்தைக் குறைக்கலாம். கட்டைகளை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்ததும் மூன்றாம் நாளே சத்தம் அடங்கிவிட்டது.

முட்டைப்பெட்டி நாலு. ஒவ்வொன்றும் நாலு பக்கமும் 30 செ.மீ. பெட்டி கட்டையை விடத் தாழ்வாக இருக்க வேண்டும். உயரமாக இருந்தால் அதிலேயே ஏறித் தூங்கி, வைக்கோலை எச்சமாக்கிவிடும்.

தளத்துக்கு 25 மி.மீ. கண் உள்ள வெல்டு மெஷ், அதாவது பற்றவைத்த கம்பிவலை. எச்சம் கீழே விழுந்துவிடும், கூடு நகர்ந்தால் உரமும் நிலத்திலேயே பரவிவிடும். பக்கச் சுவர் பலகை. கூரைக்குக் கீழே சுற்றிலும் 15 செ.மீ. இடைவெளி விட்டு 12 மி.மீ. மெஷ் அடித்தேன். காற்று தலைக்கு மேலே போக வேண்டும், கோழியின் மேல் அடிக்கக் கூடாது. கோழிவலை என்று விற்கும் அறுகோண வலையை இரவு அடையும் இடத்தில் எங்கேயும் பயன்படுத்த வேண்டாம். அது கோழியை உள்ளே நிறுத்தும், அவ்வளவுதான். நரியும் நாயும் அதைப் பல்லால் கிழித்துவிடும். மரநாய் போன்றவை வலைக்கண் வழியாகவே கோழியைப் பிடித்து இழுக்கக்கூடும்.

இனிச் சக்கரம். கூட்டின் மொத்த எடை சுமார் 130 கிலோ வந்தது. அச்சை ஒரு கோடியில் வைத்து, மறுகோடியில் கைப்பிடியை 40 செ.மீ. நீட்டியிருந்தேன். தூக்கினால் கையில் 54 கிலோ. நகர்த்திய முதல் நாளே இடுப்புப் பிடித்துக்கொண்டது. அச்சைக் கழற்றி 60 செ.மீ. உள்ளே தள்ளிப் பொருத்தினேன். அப்போது கையில் விழும் பாரம் 29 கிலோவாகக் குறைந்தது. அதே கூடு, அதே ஆள். புதிதாகக் கட்டுகிறவர்கள் அச்சை அடிக்கும் முன் இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள்: எடை மையம் அச்சுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவுக்குக் கைப்பாரம் குறையும். ஆனால் அச்சு நட்டநடுவுக்கு வந்துவிட்டால் கூடு முன்னும் பின்னும் சாய்ந்து ஆடும்.

முதலில் போட்ட 4 செ.மீ. அகல இரும்புச் சக்கரம் ஈரமண்ணில் பாதிவரை புதைந்து நின்றது. இளவேனில் மண் மேலே காய்ந்தாற்போல் தெரியும், நாலு விரல் கீழே களிதான். மண்வண்டியின் காற்றடைத்த அகலச் சக்கரத்தை மாட்டியபின் ஒரு தொந்தரவும் இல்லை.

கதவைத் திறந்தேன், ஒன்றும் போகவில்லை

புதுக்கூட்டில் மூன்று நாள் தீனி, தண்ணீரோடு அடைத்துவைத்தேன். பகலில் வாசலை ஒட்டி ஒரு சின்ன வலைத்தடுப்பு, நாலு பேர் நிற்கும் அளவு. நாலாம் நாள் காலை முழுப் பட்டியையும் திறந்துவிட்டேன். 50 மீட்டர் மின்வலை ஒரு சுருள், அதை 17 மீட்டருக்கு 8 மீட்டராக வளைத்துக் கட்டியது. 136 சதுர மீட்டர். கூடு ஒரு கோடியில். மறுகோடிவரை கணுக்கால் உயரத்துக்கு இளம்புல். அவ்வளவு பச்சையைப் பார்த்ததும் பாய்ந்து ஓடும் என்று எதிர்பார்த்துக் காத்துக்கொண்டிருந்தேன்.

ஓடவில்லை. கூட்டைச் சுற்றி நாலைந்து மீட்டருக்குள்ளேயே சுற்றி வந்தன. அன்றும் மறுநாளும் அரைமணிக்கு ஒருமுறை எண்ணிக் குறித்துவைத்தேன். பதினெட்டில் இரண்டு அல்லது மூன்றுதான் 8 மீட்டர் கோட்டைத் தாண்டின. அவையும் ஒரு காகத்தின் நிழல் ஓடினால் திரும்பி ஓடிவந்து கூட்டுக்கடியில் புகுந்துகொண்டன. ஐந்தாம் நாளுக்குள் கூட்டைச் சுற்றி மண் தெரிய ஆரம்பித்துவிட்டது, மறுகோடியில் புல் மிதிபடாமல் வளர்ந்து நின்றது. பழைய முற்றத்தையே சக்கரத்தில் ஏற்றிக் கொண்டுவந்ததுபோல் ஆகிவிட்டது.

பக்கத்து நிலத்துப் பெரியவர் வேலியோரம் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். "தம்பி, வெட்டவெளியில விட்டா எப்படிப் போகும்? அதுங்க பாதி நேரம் மேலதான் பார்க்குது, பாருங்க" என்றார்.

உட்கார்ந்து பார்த்தேன். அவர் சொன்னது சரி. இரண்டு கொத்து கொத்தும், நிமிரும், தலையை ஒருபக்கமாகச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் வானத்தைப் பார்க்கும். கோழிக்குக் கண் பக்கவாட்டில் இருப்பதால் மேலே பார்க்கத் தலையைச் சாய்த்தாக வேண்டும். அந்தச் சாய்ப்பை எண்ணினால் அதன் பயம் எவ்வளவு என்று கணக்கே போட்டுவிடலாம். நம் வீட்டுக்கோழியின் மூதாதை தெற்கு, தென்கிழக்கு ஆசியாவின் சிவப்புக் காட்டுக்கோழி. அது புதரும் மூங்கிலும் அடர்ந்த காட்டோரத்தில் வாழ்கிற பறவை. தலைக்கு மேல் இலை இருந்தால்தான் அதற்கு நிம்மதி. ஆடுமாட்டுக்குத் திறந்த புல்வெளி விருந்து, கோழிக்கு அது ஒளிய இடமில்லாத மைதானம்.

இதை நான் புரிந்துகொண்டது ஒருநாள் தாமதமாக. ஆறாம் நாள் நடுப்பகலில் சேவல் நீட்டி ஒரு கீச்சுக்குரல் கொடுத்தது. தரையில் நாயோ பூனையோ வந்தால் அது நிமிர்ந்து நின்று விட்டுவிட்டுக் கொக்கரிக்கும். வானத்து ஆபத்துக்கு வேறு குரல், மெல்லிசாக இழுத்து ஒரே தடவை. அதற்குள் பெட்டைகள் கூட்டுக்கடியில் போயிருந்தன, ஒன்று தவிர. எட்டு மீட்டர் கோட்டைத் தாண்டித் துணிந்து போன இரண்டு மூன்றில் அதுவும் ஒன்று, நல்ல செம்பழுப்பு நிறம், தினமும் முட்டையிட்டது. நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் வல்லூறு எழுந்து போய்விட்டது. வட்டமாக இறகுகள் சிதறிக் கிடந்தன, நடுவில் அது. இறகு அப்படி ஒரே இடத்தில் வட்டமாகப் பிய்ந்து கிடந்தால் வானத்து வேட்டை. நரியாக இருந்தால் பெரும்பாலும் உடலைத் தூக்கிக்கொண்டு போய்விடும், வழியில் அங்கங்கே இறகு கிடக்கும். கீரி, மரநாய் வகை கூட்டுக்குள் புகுந்தால் தேவைக்கு மேல் கொன்று போடும், கழுத்தில் கடித்திருக்கும். இளவேனில் பல வேட்டை உயிர்களுக்குக் குஞ்சுகுட்டி இருக்கும் காலம். அவை பகலிலும் துணிந்து வரும்.

அன்று சாயங்காலமே மறைவு கட்டத் தொடங்கினேன். சரக்கு இறக்கிய பழைய மரப்பேலட் நாலு கிடந்தது. ஒவ்வொன்றின் நாலு மூலையிலும் செங்கல் அடுக்கி 40 செ.மீ. உயரத்தில் நிறுத்தினேன். இன்னும் மூன்று இடத்தில் நாலு குச்சி நட்டுச் சாக்கை இழுத்துக் கட்டினேன். கவாத்து செய்த கிளைகளைக் கூம்பாகச் சாய்த்து வைத்ததும் உண்டு. கோழிகளுக்கு மிகவும் பிடித்தது அந்தக் கிளைக்கூம்புதான், எனக்கு அதில் செலவும் இல்லை உழைப்பும் இல்லை. ஒன்றிலிருந்து ஒன்று 4 மீட்டருக்குள் இருக்கும்படி கூட்டிலிருந்து மறுகோடிவரை கல்பாலம்போல வரிசையாக வைத்தேன். அந்த வரிசையில் எங்கே நின்றாலும் இரண்டு மீட்டர் ஓடினால் ஒரு கூரைக்கடியில் போய்விடலாம்.

மறுநாள் காலை கொஞ்சம் தயங்கின. பத்து மணிக்கு முதல் பேலட்டுக்கு அடியில் ஆறு கோழி. மதியம் மூன்றாவது மறைவுவரை. மூன்றாம் நாள் எண்ணினபோது பதினேழில் பதினொன்று 8 மீட்டர் கோட்டுக்கு அப்பால். மறுகோடிப் புல்லை முதல்முதலாகக் கொத்திக்கொண்டிருந்தன. பதினெட்டுக்கு இரண்டு, பதினேழுக்குப் பதினொன்று. தீனி மாறவில்லை, புல் மாறவில்லை, கோழியும் மாறவில்லை. தலைக்கு மேல் நாலு பலகை வந்தது, அவ்வளவே.

கூட்டைத் தேடாமல் இடத்தைத் தேடிய இரவு

பன்னிரண்டாம் நாள் முதல் நகர்த்தல். பக்கத்துப் பட்டிக்குப் போகாமல், 40 மீட்டர் தள்ளி வேலியோரத்துப் புல் செழிப்பாக இருந்ததே என்று அங்கே கூட்டைத் தள்ளிக்கொண்டு போனேன். பட்டப்பகலில், கோழிகள் வெளியே மேய்ந்துகொண்டிருக்கும்போது. பிறகு வலையைப் பிரித்து, தீனியைக் குலுக்கி ஓசையெழுப்பிப் புது இடத்துக்கு ஓட்டிவந்து வலையைக் கட்டினேன். வந்தன, மேய்ந்தன. நான் மகிழ்ச்சியோடு போய்க் காய்கறிப் பாத்தியில் வேலை பார்த்தேன். வலையின் ஒரு மூலையைச் சரியாக முட்டுக்கொடுக்காமல் விட்டிருந்தேன்.

இருட்டும் நேரத்தில் கதவைச் சாத்தப் போனால் கூட்டுக்குள் சேவலும் ஒரு பெட்டையும் மட்டும். மற்ற பதினாறும் பழைய இடத்தில். கூடு நின்றிருந்த அந்த நீள்சதுரத்தில், புல் வெளுத்துப்போன அதே தடத்துக்குள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. மேலே கூரையில்லை, பக்கத்தில் சுவரில்லை. ஒன்றிரண்டு கட்டை இருந்திருக்க வேண்டிய இடத்தைக் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. பார்க்கவே மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. அவை தப்பு செய்யவில்லை, சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்தன. மூன்று நாள் அடைத்துவைத்துப் பழக்கியது கூட்டை என்று நான் நினைத்திருந்தேன். அவை பழகியது அந்த இடத்தை.

கைவிளக்கை மங்கலாக வைத்துக்கொண்டு இரண்டிரண்டாகத் தூக்கி வந்தேன். எட்டு நடை. இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது என்பதால் திமிறவில்லை. கட்டையில் நெஞ்சை முட்டவைத்தால் தானாகக் கால் ஏற்றிக்கொள்ளும்.

அதன்பிறகு நான் மாற்றிக்கொண்டது இது: இரவில், எல்லாம் அடைந்தபின், உள்ளே கோழிகளோடே நகர்த்துவேன். பக்கத்துப் பட்டிக்கு மட்டும், அதிகம் போனால் 15 மீட்டர். மறுநாள் காலை பத்து மணிவரை திறப்பதில்லை. வாசல் முன்பிருந்த திசையையே பார்க்க வேண்டும். இரண்டாவது நகர்த்தலில் நாலு கோழி பழைய இடத்துக்குப் போயின. மூன்றாவதில் ஒன்று. அந்த ஒன்று கடைசிவரை ஒவ்வொரு தடவையும் முதல் நாள் போய்ப் பார்த்துவிட்டுத்தான் திரும்பிவந்தது.

பத்துமணிவரை திறக்காமல் வைத்ததில் இன்னொரு நன்மை, முட்டை. குளிர்கால முடிவில் நாளுக்கு ஏழு கிடைத்துக்கொண்டிருந்தது. பகல் நீள நீள ஏறி, மூன்றாம் வாரம் பதினான்கு. பகல் வெளிச்சம் 14 மணிநேரத்தை நெருங்கும்போது முட்டையிடும் சுரப்பு முழு வேகத்துக்கு வரும். அந்த வெளிச்சத்தைக் கண் மட்டும் உணர்வதில்லை, மண்டையோட்டை ஊடுருவி மூளையின் அடிப்பகுதியிலேயே நேராகப் படுகிறது. அப்படி ஏறிய எண்ணிக்கை திடீரென்று ஒரு வாரத்தில் ஒன்பதுக்கு இறங்கியது. நோயோ என்று பயந்து ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்தேன். எல்லாம் நன்றாகவே இருந்தன. கடைசியில் மூன்றாவது பேலட்டுக்கு அடியில் கைவிட்டால், புல்லைச் சுழற்றி அழகாகக் குழிசெய்து, இருபத்துமூன்று முட்டை. பயம் போகட்டும் என்று நான் கட்டிக்கொடுத்த மறைவு அவற்றுக்கு நல்ல முட்டைக்கூடும் ஆகிவிட்டது.

எது எப்போது இட்டது என்று தெரியாது. தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். படுத்துக் கிடந்தவை புதிது, அடியில் நின்றவை பழசு, மிதந்த இரண்டைப் புதைத்துவிட்டேன். முட்டை பழசாக ஆக உள்ளே ஈரம் ஆவியாகி காற்றறை பெரிதாகும், அதனால்தான் எழும்பி நிற்கும். பெரும்பாலான கோழி காலையிலேயே இட்டுவிடும். பத்துமணிவரை உள்ளே இருந்தால் பெட்டியில்தான் இட்டாக வேண்டும். பெட்டிக்கு ஒரு மர முட்டை வைத்தேன், பேலட்டின் நடுவில் ஒரு கல்லைப் போட்டேன். ஒரு வாரத்தில் பதின்மூன்றுக்குத் திரும்பியது.

தீனியைப் பற்றி ஒரு வார்த்தை. மேய்ச்சலுக்கு விட்டாயிற்று, இனித் தீனி வேண்டாம் என்று நினைப்பது பெரிய தவறு. புல்லும் பூச்சியும் மஞ்சள்கருவுக்கு நிறம் கொடுக்கும், கோழிக்கு வேலை கொடுக்கும். ஆனால் முட்டையிடும் கோழிக்கு நாளுக்கு 110 முதல் 120 கிராம் சமச்சீர் தீனி வேண்டும், மேய்ச்சல் அதில் கொஞ்சத்தைத்தான் ஈடுகட்டும். ஒரு முட்டை ஓட்டுக்கு மட்டுமே சுமார் 2 கிராம் கால்சியம் போகிறது. கிளிஞ்சல் நொறுக்கைத் தனிப்பாத்திரத்தில் வையுங்கள், தேவையான கோழி தானே எடுத்துக்கொள்ளும். சேவலுக்கும் குஞ்சுக்கும் அவ்வளவு கால்சியம் ஆகாது, அதனால் தீனியில் கலக்க வேண்டாம்.

வலையில் மின்சாரம் செத்துப்போனது

நாலாம் வாரம் ஒரு காலை இரண்டு கோழி வலைக்கு வெளியே, காய்கறிப் பாத்தியில். முளைவிட்ட வரிசை முழுக்க ஒரு மணிநேரத்தில் கிளறி எறிந்துவிட்டன. டெஸ்டரை வைத்துப் பார்த்தால் 2,100 வோல்ட். முதல் வாரம் 6,000க்கு மேல் காட்டிய வலை. பேட்டரி சரி. எர்த்துக்காக மண்ணில் அடித்த 1 மீட்டர் கம்பியும் அதன் கிளிப்பும் சரி. வலையைச் சுற்றி மண்டியிட்டு நடந்தபோதுதான் தெரிந்தது: ஒரு வார மழையில் புல் ஒரு சாண் வளர்ந்து, கீழிருந்து இரண்டாவது இழையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அந்த இழையில்தான் மின்சாரம். ஈரமான ஒவ்வொரு புல்லும் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணுக்கு இறக்கிவிடுகிறது. நூறு புல் சேர்ந்தால் வலையில் ஒன்றும் மிஞ்சாது.

அன்றுமுதல் வலை நிற்கப்போகும் கோட்டில் ஒரு முழ அகலத்துக்குத் தரைமட்டமாகப் புல்லை வெட்டிவிட்டுத்தான் வலையை விரிக்கிறேன். இரண்டாவது சுருள் ஒன்றும் வாங்கி, அடுத்த பட்டியை முந்தின நாளே கட்டி முடித்துவிடுகிறேன். கோழிக்கு இறகே ஒரு காப்பு. மூக்கிலோ கொண்டையிலோ காலிலோ தொட்டால்தான் அதிர்வு தெரியும். பழகாத கோழி உடம்பால் தள்ளிக்கொண்டு வெளியே போய்விடும். பறந்து தாண்டிய ஒன்றுக்கு ஒருபக்கச் சிறகின் பெரிய இறகுகளை மட்டும் வெட்டினேன். இரண்டு பக்கமும் வெட்டினால் சமநிலை கெடாது, பழகிப் பறந்துவிடும்.

பட்டிக்குள்ளும் புல் உயரத்தைக் கவனிக்க வேண்டும். நாலாவது பட்டியில் முழங்கால் உயரப் புல்லில் அப்படியே விட்டதில், ஒரு கோழி மறுநாள் காலை சோர்ந்து நின்றது. கழுத்தடியில் இரை தங்கும் பை மாலையில் பந்தாக இருக்கலாம், விடியற்காலையில் தொட்டால் சுருங்கி வெறுமையாக இருக்க வேண்டும். அதற்கு மாவுருண்டைபோலக் கெட்டியாக இருந்தது. நீளப்புல் உள்ளே சுருண்டு கயிறாகிவிட்டது. தனியே வைத்து, தீனி நிறுத்தி, தண்ணீர் மட்டும் கொடுத்து, கீழிருந்து மேலாக இல்லாமல் அந்தந்த இடத்திலேயே மெதுவாகப் பிசைந்துவிட்டேன். தலைகீழாகப் பிடித்து வாந்தி எடுக்கவைப்பது ஆபத்து, மூச்சுக்குழலில் போய்விடும். இரண்டாம் நாள் இளகியது. இளகாமல் இருந்திருந்தால் மருத்துவரிடம்தான் போயிருப்பேன். இப்போது 10 செ.மீ.க்கு வெட்டிவிட்டுத்தான் உள்ளே விடுகிறேன், 5 செ.மீ.க்குக் கொத்தி இறக்கியதும் நகர்த்துகிறேன். கெட்டிமணலும் சிறுகல்லும் ஒரு தட்டில் எப்போதும் உண்டு.

வெள்ளைத்துணி

ஆறாம் வாரம் ஒரு கரும்பெட்டை அடைக்கு உட்கார்ந்தது. பெட்டியை விட்டு எழாமல், கைநீட்டினால் சிலிர்த்து உறுமியது. பதினொரு முட்டை வைத்தேன். மூன்றாம் நாள் இரவு பார்த்தால் முட்டையை விட்டு வெளியே நின்றுகொண்டு உடம்பைக் கொத்திக்கொண்டிருக்கிறது. நல்ல அடைக்கோழி அப்படி எழாது.

சந்தேகப்பட்டு ஒரு வெள்ளைத்துணியால் கட்டையின் அடிப்பக்கத்தை, அது சுவரில் பொருந்தும் மூலையில், அழுத்தித் துடைத்தேன். துணியில் ரத்தக்கோடுகள். விளக்கைக் கிட்டே கொண்டுபோனால் மணல் தூவினாற்போல் சாம்பல்நிறப் பொடி, அதற்குள் சிவப்புப் புள்ளிகள் ஊர்கின்றன. செந்நிறச் செள். பகலில் கோழியின் உடம்பில் தேடினால் ஒன்றும் அகப்படாது. பகல் முழுக்க மரத்தின் பிளவில் ஒளிந்திருந்து, இரவில் வந்து ரத்தம் குடித்துவிட்டுத் திரும்பிவிடும். குளிரில் மந்தமாகக் கிடக்கும், வெப்பம் ஏறினால் ஒரு வாரம் பத்து நாளில் ஒரு தலைமுறை. கூட்டைக் காலியாகப் போட்டால் செத்துவிடும் என்பதும் நடக்காது, பட்டினியாக மாதக்கணக்கில் இருக்கும்.

அடைக்கோழியை இரவோடு இரவாக வேறு சுத்தமான பெட்டிக்கு முட்டைகளோடு மாற்றினேன். மறுநாள் கட்டைகளைக் கழற்றி, பிளவுகளைக் கத்தியால் சுரண்டி, கொதிக்கும் தண்ணீர் ஊற்றி, காய்ந்தபின் எல்லா இடுக்கிலும் தாவர எண்ணெயைத் தூரிகையால் இழுத்துவிட்டேன். எண்ணெய் அதன் மூச்சை அடைக்கும். முட்டைகள் தப்பிவிடும் என்பதால் ஆறாம் நாள் மறுபடியும், பன்னிரண்டாம் நாள் மறுபடியும். கட்டையின் முனைகளை மரச்சுவரில் செருகாமல் இரும்புக் கொக்கியில் தொங்கவிட்டேன், கொக்கியிலும் எண்ணெய் பூசினேன். ஒளிய இடமே இல்லாமல் செய்ததுதான் உண்மையில் பலன் தந்தது. கட்டும்போதே இதைச் செய்திருக்கலாம். பட்டிக்குள் ஒரு மறைவுக்கடியில் காய்ந்த மண்ணும் சாம்பலும் கலந்து குவித்து வைத்தேன், மழை படாமல். மண்ணில் புரண்டு குளிக்க அங்கே வரிசையாக நின்றன. வாரத்துக்கு ஒருமுறை வெள்ளைத்துணி இன்னும் தொடர்கிறது. நாலு வாரமாகத் துணி வெள்ளையாகவே வருகிறது.

அடைக்கோழி இருபத்தோராம் நாள் ஒன்பது குஞ்சு இறக்கியது. ஏழாம் நாள் விளக்கில் பார்த்து கருவில்லாத ஒன்றை எடுத்திருந்தேன், இன்னொன்று கூமுட்டை. தாயையும் குஞ்சுகளையும் தனியே 12 மி.மீ. மெஷ் அடித்த சிறு தடுப்பில் வைத்திருக்கிறேன். மின்வலைக் கண்ணுக்குள் குஞ்சு புகுந்து வெளியே போய்விடும், திரும்பி வரத் தெரியாமல் கத்தும். குஞ்சுகளின் வைக்கோலை ஈரமாக விடுவதே இல்லை. ரத்தக்கழிச்சலின் கிருமி ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் இரண்டே நாளில் தொற்றும் நிலைக்கு வந்துவிடும்.

இன்று பத்தாம் வாரம், இரண்டாவது சுற்று நடக்கிறது. கூடு நின்ற இடத்தில் புல் மற்ற இடத்தை விடக் கரும்பச்சையாக, நீள்சதுரமாக நிற்கிறது. மறைவுகளை ஒவ்வொரு பட்டிக்கும் தூக்கிச் சுமப்பதுதான் இப்போது மிச்சமிருக்கும் பெரிய வேலை, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஒரு மணிநேரம் அதிலேயே போகிறது. அதனால் பேலட் நிற்கும் இடங்களிலெல்லாம், 4 மீட்டர் இடைவெளியில், புதர்ச்செடிப் போத்துகள் நட ஆரம்பித்திருக்கிறேன். கோழி வேரைக் கிளறிவிடும் என்பதால் ஒவ்வொன்றின் அடியிலும் மெஷ் துண்டைப் படுக்கவைத்து மேலே கல் வைத்திருக்கிறேன். நட்ட பதினாலில் ஒன்பது துளிர்விட்டுவிட்டன. இன்று மதியம் முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு துளிரின் நிழலில் மூன்று கோழிகள் நெருக்கியடித்துக்கொண்டு படுத்திருந்தன.